௸ 6120

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் மேற்படி அக்கா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பட்டம் சூட்டியவர் முன்மேசைக்காரர். அவளைவிட இரண்டு வயது மூத்தவர்தான்; ஆனால் கேலி என்று வந்துவிட்டால் வயதெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. "என்ன மேற்படி அக்கா, இன்னைக்கு என்ன சாப்பாடு? நேத்து சாப்பிட்டதே மேற்படியா?" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பதினான்கு வருடமாக அதே கேலிதான், அதே சிரிப்புதான். சிரிக்கிறவர்களுக்கும் அலுக்கவில்லை.

ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில், பயணிகள் தொலைத்த பொருள்கள் வந்து சேரும் அலுவலகம் அது. குடை, கைப்பை, பல் செட்டு, ஊன்றுகோல், ஒற்றைச் செருப்பு என்று மனிதர்கள் எதை எதையோ வண்டியில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். வந்த பொருளுக்கு ஓர் எண் கொடுத்து, கணினியில் பதிந்து, பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, உறைமேல் எண்ணை மட்டும் எழுதி, ஐந்து கூடங்களில் உள்ள அடுக்குகளில் வகைவாரியாக வைப்பார்கள். உறைக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே எழுதக்கூடாது. எழுதினால் பார்க்கிறவன் கண் சும்மா இருக்காது என்பது பழைய அதிகாரி ஒருவர் போட்ட விதி. ஆக, ஒன்பதாயிரம் உறைகளுக்கும் பதிவேடுதான் கண். அது தவறினால் அத்தனையும் குருட்டு உறைகள்.

பொருள் வரும்போது ஒழுங்காகவும் வராது. ஒரு பை பிரிந்தால் கண்ணாடி ஒரு நாள் வரும், கண்ணாடிக்கூடு மறுநாள் வேறு நிலையத்திலிருந்து வரும். யார் பணியில் இருக்கிறாரோ அவர் தமக்குத் தோன்றியபடி பதிவார். ஒருவர் பதிந்த விவரத்தை இன்னொருவர் திருத்தக்கூடாது, அதுவும் விதி. பக்கத்திலிருக்கும் குறிப்புப் பெட்டியில் மட்டும் யாரும் எழுதலாம். அந்தப் பெட்டியோ எட்டு எழுத்துக்குமேல் கொள்ளாது. எட்டு எழுத்தில் என்னத்தை எழுதுவது? வண்டி எண்ணையோ பெட்டி எண்ணையோ போட்டுவிட்டுப் போவார்கள்.

மேற்படி அக்கா மட்டும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தட்டச்சு பழகிய மாலை வகுப்பில் மற்றவர்கள் "அம்மா, ஆடு" என்று அடித்துக்கொண்டிருந்தபோது, இவள் ஷிப்டை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்தவள். யாரும் சீந்தாத சில குறிகள் வந்தன. 'உ' விசையில் வந்தது ௸. மேற்படி என்பதைச் சுருக்கி எழுத அந்தக் காலத்து எழுத்தர்கள் வைத்திருந்த குறி. "இதையெல்லாம் இப்ப யாரும் தொடுறதில்லைம்மா, விட்டுடு" என்றார் வகுப்பு நடத்தியவர். அக்கா விடவில்லை. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது அவள் கட்சி. கண்ணாடிக்கு எண் 350 என்றால், கூட்டின் குறிப்புப் பெட்டியில் '௸ 350' என்று அடிப்பாள். இது மேற்படி 350-ஐச் சேர்ந்தது என்று பொருள். ஐந்தே எழுத்து. இன்னும் மூன்றுக்கு இடம் மிச்சம். தன் பதிவுகளுக்கு மட்டுமல்ல, தினமும் காலையில் முதல் வேலையாக, மற்றவர்கள் முந்தின நாள் பதிந்தவற்றின் சீட்டுகளைப் புரட்டி, எது எதோடு சேரும் என்று பார்த்து, குறி போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் சாய்வாள்.

அப்படி இருந்த இடத்துக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். அம்மையாருக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் பழைய கணினிகள் போய்ப் புதியவை வந்தன. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழ் வரும் ஏற்பாடு. ௸ அதில் எங்கேயும் இல்லை. பதிவேடு முழுவதையும் அகரவரிசையில் அடுக்கிப் பூட்டினார்கள். முன்மேசைக்காரர் 'மேலே உள்ளதோடு சேர்ந்தது' என்பதற்கு வெறும் இரட்டைப் புள்ளி வைக்கிறவர். அகரவரிசையில் அடுக்கியதும் குடைக்கு மேலே கிலுகிலுப்பை வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தப் புள்ளி எதைச் சொல்கிறது என்று போட்டவருக்கே தெரியவில்லை.

அக்காவின் குறிகள் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டமாகத் தெரிந்தது. புது ஏற்பாட்டைப் பொருத்த வந்த கணினிக்காரர் நல்ல பையன்தான். ஆனால் அவருக்கு அது அழுக்கு. "ஆயிரத்து முந்நூத்துப் பன்னெண்டு இடத்துல குப்பை எழுத்து இருக்கு மேடம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒரே அழுத்துல சுத்தம் பண்ணிடறேன்" என்றார்.

"மேடம், அது குப்பை இல்ல" என்றாள் அக்கா.

"படிக்க முடியாததை வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது?" என்றார் மேலாளர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவசரமாக வேறு ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். ஒலியை ஆங்கிலத்தில் அடிக்க அக்காவுக்குக் கை வரவில்லை என்று அவளைப் பின்னறையில் உறை ஒட்டப் போட்டார்கள். பதினான்கு வருடம் பதிவேட்டைக் கட்டிக் காத்தவள் பசை டப்பாவோடு உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னாள். கணவர் பேருந்து ஓட்டுகிறவர்; "மேலிடத்துல சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். நாத்தனார்தான் நிமிர்ந்தாள்.

"அண்ணி, பதினாலு வருஷமா அந்தக் குறிக்காகக் கேலி வாங்கியிருக்கீங்க. ஒரே ஒரு தடவை அதுக்காகச் சத்தம் போட்டா என்ன, வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் அந்தப் பேச்சு மனதில் போய் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். பின்னறைக்கும் முன்மேசைக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியே ஒரு பெண்குரல் கேட்டது.

"சார், இது மூணாவது தடவை வர்றேன். ஒரு எலும்புக்கூடு. பிளாஸ்டிக். நீலப் பையில இருந்தது. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு நாப்பது பிள்ளைங்களுக்கு அதை வச்சுத்தான் செய்முறைத் தேர்வு. கல்லூரியில இருக்கிறது அது ஒண்ணுதான். முழங்கால் மூட்டு சரி பண்ண நான்தான் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனேன். இல்லாம வந்தா நீயும் வர வேண்டாம்னுட்டார் முதல்வர்."

செவிலியர் கல்லூரி ஆசிரியை. நடுத்தர வயது. கைக்குட்டையை முறுக்கி முறுக்கி அது கயிறாகிவிட்டிருந்தது.

"எலும்புக்கூடுன்னு அடிச்சுப் பார்த்துட்டேன் மேடம். இல்ல. எலும்புன்னு பார்த்தேன். அதுவும் இல்ல. இருந்தாத்தானே தர்றதுக்கு?" என்றார் முன்மேசைக்காரர்.

அக்காவின் கை பசை டப்பாவிலேயே நின்றுவிட்டது. மண்டை ஓடு! ஒரு மாதத்துக்கு முன் ஒரு துப்புரவுப் பெண் கிழிந்த துணியில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாளே! 'மண்டை ஓடு, பிளாஸ்டிக், பயப்பட வேண்டாம்' என்று அக்காதானே பதிந்தாள்! பை ஜிப் கிழிந்து, சாமான்கள் இருக்கைக்கு அடியெல்லாம் உருண்டு, வண்டி போன நிலையங்களிலெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் பச்சை நாடா ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் தினமும் காலையில் குறி போட்டாள்.

எழுந்து ஓடினாள். பசைக் கையோடு.

"இருக்கு டீச்சர்! மொத்தமா இங்கதான் இருக்கு!"

முன்மேசைக்காரர் திரும்பினார். "அக்கா, எலும்புன்னு ஒரு பதிவுகூட…"

"எலும்புன்னு யார் எழுதினா? ஆளாளுக்கு அவங்க கண்ணுக்குப் பட்டதை எழுதினோம். மண்டை ஓட்டை மட்டும் தேடுங்க."

தேடினார். வந்தது. எண் 6120.

"சரி, ஒண்ணு கிடைச்சுது. மத்ததெல்லாம்?"

"அதையெல்லாம் 6120-ஓட சேர்த்துக் குறி போட்டு வச்சிருக்கேன்."

அவர் 6120 என்று அடித்தார். நானூற்றுச் சொச்சம் பதிவுகள் வந்து விழுந்தன. தினமும் மதியம் வருகிற வண்டியின் எண்ணும் 6120! அந்த வண்டியில் மறந்துவிட்ட குடையும் தொப்பியும் திரை முழுக்க வரிசை கட்டின. அவற்றுக்கு நடுவில் எங்கேயோ பத்து வரிகள். பட்டியல் நீண்டுவிட்டால் புது ஏற்பாடு குறிப்புப் பெட்டியைக் காட்டாது, பொருளின் பெயர் மட்டும்தான். ஒவ்வொரு உறையாகப் பிரித்துப் பார்ப்பதென்றால் அடுத்த வாரம் ஆகும். தேர்வு நாளைக் காலை. குறிகளோ இன்று நாலு மணிவரைதான்.

சத்தம் கேட்டு மேலாளர் அறையிலிருந்து வந்தார். பின்னாலேயே கணினிக்காரர்.

"என்ன இங்க சந்தைக்கடை?"

நாத்தனாரின் குரல் அக்காவின் காதில் கேட்டது. மனுஷிக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் தைரியம்.

"மேடம், நீங்க குப்பைன்னு சொன்னீங்களே, அந்தக் கட்டம்தான் இந்த டீச்சரோட பொருளைக் கண்டுபிடிக்கப் போகுது. என்னை அஞ்சு நிமிஷம் உட்கார விடுங்க. கண்டுபிடிக்கலைன்னா வேலையை விட்டே போயிடறேன். தம்பி, என் பழைய தமிழ்ப் பலகையை இந்தக் கணினியில போட முடியுமா?"

"போடலாம்க்கா, ரெண்டு அழுத்துதான். ஆனா எதுக்கு? அந்தக் கட்டத்தை எடுத்துத் தேடலாம்னாலும் பட்டியலைப் பூட்டிட்டோம், காப்பி பண்ண விடாது."

"காப்பி வேண்டாம். நான் அடிப்பேன்."

மேலாளர் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "போட்டுக் குடுங்க" என்றார்.

முன்மேசைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். அக்கா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புது விசைப்பலகையில் ஒரு தமிழ் எழுத்துகூட அச்சாகியிருக்கவில்லை. அதனால் என்ன? விரலுக்கு வழி தெரியும். வலது கை சுண்டுவிரலால் ஷிப்ட். இடது கை நடுவிரலால் ஒரு தட்டு. இடைவெளி. 6120.

தேடல் பெட்டியில் ஒரு கட்டமும் நான்கு எண்களும் தெரிந்தன. விசையை அழுத்தினாள்.

பத்து வரிகள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அடடா!" என்றார் கணினிக்காரர். குனிந்து திரைக்கு மூக்கைக் கொடுத்தார். "குப்பை இல்லைக்கா! உள்ள எழுத்து உயிரோடதான் இருக்கு. நாம போட்ட எழுத்துருவுல அதுக்கு உருவம் இல்ல, அதான் கட்டம் காட்டுது. ஒரு நிமிஷம் இருங்க." எங்கேயோ போய் எதையோ மாற்றினார். பத்துக் கட்டங்களும் சட்டென்று மாறின. ௸, ௸, ௸ என்று மேலிருந்து கீழ்வரை அவள் குறி நின்றது. மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த பிள்ளைகள் வாசலில் வந்து நின்றதுபோல் இருந்தது அவளுக்கு. கண் கலங்கியது, அழுகிற நேரமா இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

முன்மேசைக்காரர் வரிகளைப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது.

"பறவைக் கூண்டு, கதவு இல்லை…"

"விலா எலும்பு!" என்றார் ஆசிரியை.

"பூச்சட்டி, அடியில் ஓட்டை."

"இடுப்பு!"

"பெரிய மணிமாலை, அலங்காரத்துக்கு."

"ஐயோ, முதுகெலும்பு!"

"பல் செட்டு, கீழ் வரிசை முழுசா" என்பது தாடை. "குடைக் கம்பி, துணி இல்லை" இரண்டு, கைகள். "நாற்காலிக் கால்" ஒன்று, "பொம்மைக் கால்" ஒன்று. "துணி மாட்டும் கம்பி" என்பது எலும்புக்கூடு நிற்கும் தாங்கி. "முதுகு சொறியும் கருவி" என்று யாரோ பதிந்திருந்தது வலது உள்ளங்கை. அதைப் பதிந்த மகானுபாவர் யார் என்று மேலாளர் கேட்கவில்லை. முன்மேசைக்காரர் மேல்கூரையைப் பார்த்தார்.

தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு அக்காவும் அவரும் ஐந்து கூடங்களிலும் ஓடினார்கள். பல் செட்டு அடுக்கு ஒரு மூலை, பறவைக் கூண்டு அடுக்கு மறு மூலை. உறைகளைக் கொண்டுவந்து முன்மேசையில் பிரித்தார்கள். ஆசிரியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொக்கியில் மாட்டினார். வரிசையில் நின்ற பயணிகள் தங்கள் குடையை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதுகெலும்பில் விலா ஏறியது, கால்கள் தொங்கின, மண்டை ஓடு மேலே அமர்ந்தது, தாடை கிளிக்கென்று பொருந்தியது. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது எலும்புக்கூடு.

"இடது உள்ளங்கை இல்லையே" என்றார் ஆசிரியை. கைக்குட்டை மறுபடி கயிறாகத் தொடங்கியது. "கை எலும்பு இருபத்தேழு. அதைக் கேட்காத தேர்வே கிடையாது."

மணி மூன்று நாற்பது.

அக்கா யோசித்தாள். அவள் பார்த்திருந்தால் குறி போட்டிருப்பாள். குறி இல்லை என்றால், அவள் பின்னறைக்குப் போனபிறகு வந்தது. "அண்ணே, இந்த மூணு வாரத்துல கை மாதிரி எதையாவது பதிஞ்சீங்களா?"

முன்மேசைக்காரரின் முகம் வெளுத்தது. "ஒரு… ஒரு கையுறை பதிஞ்சேன். இடது கை. விறைப்பா இருந்துது. தண்ணியில நனைஞ்சு காய்ஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"பச்சை நாடா இருந்துதா?"

"இருந்துது" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

கையுறை என்று தேடினார்கள். அறுநூற்றுப் பதினான்கு வந்தன, இந்த மூன்று வாரத்தில் வந்தவை மட்டுமே நூற்றுக்கு மேல். என்ன விவரம் எழுதினோம், எந்தத் தேதி என்று அவருக்கே நினைவில்லை. குறி போட்ட பத்தும் ஒரே தட்டில் வந்து நின்றன. குறி இல்லாத ஒன்று எல்லாரையும் மூன்றாம் கூடத்துக்கு ஓட வைத்தது. மேலாளரும் வந்தார். பளபளக்கும் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, அடுக்கின்முன் மண்டியிட்டார்.

"பிரிக்க வேண்டாம். தடவிப் பாருங்க. மெத்துன்னு இருந்தா விட்டுடுங்க, எலும்பா இருந்தா எடுங்க" என்றாள் அக்கா. மேலாளரிடம்தான் சொல்கிறோம் என்பதே அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. மேலாளரும் மறு பேச்சுப் பேசாமல் தடவினார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மேலாளர் எழுந்தார். தலையில் ஒட்டடை. கையில் கிழிந்த உறை. அதற்குள்ளிருந்து ஐந்து வெள்ளை விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பிடித்திருந்த விதம், யாரோடோ கை குலுக்குகிறவரைப்போல இருந்தது. கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மேலாளரும் சிரித்தார். அந்த அம்மையாருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

முன்மேசையில் கடைசிக் கொக்கி மாட்டப்பட்டபோது கணினிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "மேடம், நாலு மணி. அந்தச் சுத்தம்…"

"தொட்டீங்கன்னா கையை உடைச்சிடுவேன்" என்றார் மேலாளர். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "எல்லாக் கணினியிலயும் அந்தப் பலகையைப் போடுங்க. எழுத்துருவையும் மாத்துங்க. திங்கட்கிழமையிலிருந்து இவங்க இந்த நாற்காலியில. மத்தவங்க எல்லாரும் இவங்ககிட்ட அந்தக் குறி போடக் கத்துக்கணும். நானும்தான்" என்றார்.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினான்கு வருடம்! பெருமையாக இருந்தது, பெருமையாக இருக்கிறது என்று வெட்கப்படவும் இல்லை.

முன்மேசைக்காரர் தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். தாம் பதிந்த கையுறையைத் திரையில் கொண்டுவந்தார். பூட்டைத் திறக்கச் சொல்லிக் கணினிக்காரரைப் பார்த்தார். அவர் திறந்துவிட்டார்.

"அக்கா, எந்த விரலு?"

"இடது கை நடுவிரல், அண்ணே. ஷிப்டை வலது கையால பிடிச்சுக்குங்க. விட்டுடாதீங்க, விட்டா வெறும் உ-தான் வரும்."

முதல் தடவை உ வந்தது. இரண்டாம் தடவையும் உ. மூன்றாம் தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டினார். ௸ வந்தது. 6120 என்று சேர்த்தார். இப்போது பதினோரு வரிகள். உரியவர் வந்து பெற்றுக்கொண்ட பொருளுக்கு எதற்கு இனிமேல் குறி என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ஆசிரியை எலும்புக்கூட்டைப் பையில் போட மறுத்துவிட்டார். "பையை நம்பி ஒரு தடவை பட்டது போதும்" என்று அதன் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டார். போகிற அவசரத்திலும் திரும்பி நின்றார்.

"கல்லூரியிலிருந்து உங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் வரும்மா. முதல்வர் கையெழுத்தோட. எந்தப் பேருக்கு எழுதச் சொல்லட்டும்?"

முன்மேசைக்காரர் சட்டென்று சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"மேற்படி அக்கான்னே எழுதுங்க டீச்சர்" என்றாள். "இங்க அந்தப் பேர்ல நான் ஒருத்திதான். சரியா வந்து சேரும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.